கன்னத்தில் விழுந்த வெட்டும் காகிதத்தில் போட்ட கையெழுத்தும்: கசுவோ ஹசெகவா

1937 நவம்பர் 12. கியோட்டோவில் டோஹோ நிறுவனத்தின் ஸ்டுடியோ. அன்றைய வேலையை முடித்துவிட்டு வெளியே வந்த 29 வயது நடிகரை ஒருவன் நெருங்கினான். கையில் மறைத்து வைத்திருந்த சவர பிளேடால் அவருடைய இடது கன்னத்தில் இழுத்துவிட்டு ஓடிப்போனான். இரண்டு பிளேடுகளைச் சேர்த்துக் கட்டிய ஆயுதம் அது. ஒரு பிளேடு கிழித்தால் காயத்தின் இரு ஓரங்களையும் இழுத்துப் பிடித்துத் தைத்துவிடலாம். இரண்டு கோடுகள் ஒட்டி ஒட்டி விழுந்தால் நடுவில் மெல்லிய சதைப்பட்டை மிஞ்சும், தையல் ஒழுங்காகப் பிடிக்காது, தழும்பு தடித்து நிற்கும். ஆளைத் தீர்த்துக்கட்ட வந்தவன் கத்தி கொண்டு வந்திருப்பான். இவனை அனுப்பியவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த முகத்தின் விலை குறைவது மட்டும்தான்.

வெட்டுப்பட்டவரின் பெயர் அன்றைக்கு சோஜிரோ ஹயாஷி. ஜப்பான் முழுக்கப் பெண்கள் பெயர் சொல்லி உருகிய சரித்திரப் பட நாயகன். சில வாரங்களுக்கு முன்புதான் பத்தாண்டுகள் வேலை பார்த்த ஷோச்சிக்கு நிறுவனத்தை விட்டு டோஹோவுக்குப் போயிருந்தார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்: கம்பெனி மாறியது.

நம்மூரில் ஜப்பானிய சினிமா என்றால் அகிரா குரோசாவாவும் தோஷிரோ மிஃபுனேவும்தான். சாமுராய் என்றாலே தாடியும் வியர்வையுமாக நிற்கும் மிஃபுனே முகம்தான் கண்ணுக்கு வரும். ஆனால் ஜப்பானில் 'ஜிதாய்கெகி' என்று சொல்லும் சரித்திரப் படங்களை மூன்று தலைமுறை ரசிகர்கள் எந்த முகத்துக்காகப் பார்த்தார்கள் என்று கேட்டால், வயதானவர்கள் சொல்லக்கூடிய முதல் சில பெயர்களில் ஹசெகவா இருப்பார். அதே சோஜிரோதான், பெயர் மட்டும் வேறு. பெயர் ஏன் மாறியது என்பதும் இந்த வழக்கின் ஒரு பகுதி. ஒரு நடிகனின் முகமும் பெயரும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஜப்பானியத் திரையுலகம் 1937இல் பிளேடால் ஒரு பதில் சொன்னது. 1953இல் ஒப்பந்தக் காகிதத்தில் இன்னொரு பதில் சொன்னது. இரண்டு இடத்திலும் அடிபடும் பெயர் ஒன்றே என்பதால்தான் இதை எழுதத் தோன்றியது.

குருகுலமும் கம்பெனியும்

1908 பிப்ரவரி 27இல் கியோட்டோவின் தெற்கில் இருக்கும் பூஷிமியில் பிறந்தார். அரிசி மதுவுக்குப் பேர்போன ஊர். குழந்தையிலேயே மேடை ஏறியவர். ஜப்பானின் மரபு நாடகமான கபுகியில், ஒசாகா வட்டாரத்தின் சக்கரவர்த்தி என்று சொல்லத்தக்க முதலாம் கஞ்சிரோ நகாமுராவின் வட்டத்துக்குள் வந்து, அவருடைய மூத்த மகன் சோசபுரோ ஹயாஷியிடம் பாடம் படித்தார். கற்றது பெரும்பாலும் ஸ்திரீபார்ட். கபுகியில் பெண்வேடம் கட்டுவது தனி வித்தை. தோளை எப்படிச் சரித்தால் உடம்பு சிறுத்துத் தெரியும், முழங்கால்களை எவ்வளவு ஒட்டி நடக்க வேண்டும், கழுத்தை எந்தக் கோணத்தில் திருப்பினால் நாணம், எந்தக் கோணத்தில் கோபம், கண்ணை முழுதாகத் திறக்காமல் ஓரத்தால் ஒரு வீச்சு வீசுவது எப்படி என்று உடம்பைப் பகுதி பகுதியாகப் பழக்கும் படிப்பு அது. பின்னாளில் அவரைக் காப்பாற்றப்போவது இந்தப் படிப்புதான்.

ஷோச்சிக்கு என்பது வெறும் சினிமா கம்பெனி இல்லை. மட்சுஜிரோ ஷிராய், தகேஜிரோ ஓதானி என்ற இரட்டையர்கள் கட்டியெழுப்பிய நாடக சாம்ராஜ்யம் அது. கபுகிக் கலைஞர்களில் பெரும்பாலோர் அவர்கள் பிடிக்குள்தான் இருந்தார்கள். 1920இல் சினிமாவிலும் இறங்கினார்கள். மேடையிலிருந்து அழகான இளைஞன் ஒருவனை எடுத்து நட்சத்திரம் ஆக்க வேண்டும் என்று முடிவானபோது கியோட்டோ ஷிமோகாமோ ஸ்டுடியோவுக்கு இவரைக் கொண்டுவந்தார்கள். சோஜிரோ ஹயாஷி என்ற பெயர் குருவீட்டு வழியில் வந்தது. 1927இல் முதல் படம் வந்தது. இயக்கியவர் மினோரு இனுசுகா. காமிரா பிடித்த இளைஞர் எய்ஜி சுபுராயா, பிற்காலத்தில் காட்சில்லாவை நகரத்துக்குள் நடக்கவிட்டவர். படம் வருவதற்கு முன்பே ஷோச்சிக்கு தண்ணீராகச் செலவழித்து விளம்பரம் செய்தது. முதல் படத்திலேயே ஆள் நட்சத்திரம்.

அன்றைய சரித்திரப் பட நாயகர்கள் என்று ஆறு பேரைச் சேர்த்துச் சொல்வார்கள்: சுமசபுரோ பந்தோ, டென்ஜிரோ ஓகோச்சி, கஞ்சுரோ அராஷி, சியேசோ கதாவோகா, உதாயெமோன் இச்சிகாவா, அப்புறம் சோஜிரோ. பொதுவாக இந்த வகைப் படங்கள் வாள்வீச்சையும் வேகத்தையும் நம்பி ஓடின. சோஜிரோ படங்களில் வாள் இரண்டாம்பட்சம்தான். அவர் மெல்லத் தலை திருப்பினால் போதும், பெண்கள் பகுதியில் மூச்சு நின்றுவிடும். அவரை வளர்த்த இயக்குநர் தெய்னொசுகே கினுகசாவும் ஒரு காலத்தில் திரையில் பெண்வேடம் கட்டியவர்தான். கண்ணோரப் பார்வையின் மதிப்பு அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருவரும் சேர்ந்து 1935, 36இல் மூன்று பாகமாகக் கொடுத்த 'யுகினோஜோவின் பழிவாங்கல்' ஷோச்சிக்குவின் கல்லாவை நிரப்பியது. பெற்றோரை நாசமாக்கியவர்களைத் தேடிப் பழிவாங்கும் ஸ்திரீபார்ட் நடிகன், யமிதாரோ என்ற திருடன், அந்த நடிகனின் தாய் என்று மூன்று வேடமும் இவரே.

இதற்கிடையில் கஞ்சிரோவின் மகளைத் திருமணமும் செய்துகொண்டார். ஆக தொழில், பெயர், குடும்பம் மூன்றும் ஒரே வளையத்துக்குள். இதில் எந்த ஒன்றை அறுத்தாலும் மற்ற இரண்டும் வலிக்கும்.

ரயில்காரர் வந்த பிறகு

டோஹோவின் பின்னால் இருந்தவர் இச்சிசோ கோபயாஷி. ஹான்கியூ ரயில் பாதையை வளர்த்தவர், பாதையின் முனையில் கூட்டம் சேர 1914இல் பெண்கள் மட்டும் நடிக்கும் தகராசுகா நாடகக் குழுவைத் தொடங்கியவர். நாடகக் கொட்டகை வழியே மெல்ல சினிமாவுக்கு நகர்ந்து, சிறு நிறுவனங்களைச் சேர்த்து 1937 ஆகஸ்டில் டோஹோ திரைப்பட நிறுவனமாக ஆக்கினார். குருகுலமும் விசுவாசமும் பேசிய பழைய கம்பெனிகளுக்கு நடுவே, கணக்கும் ஒப்பந்தமும் தயாரிப்பாளர் முறையும் பேசிக்கொண்டு வந்தவர்கள் இவர்கள்.

பழையவர்கள் சும்மா இருக்கவில்லை. ஷோச்சிக்கு, நிக்காட்சு, ஷின்கோ, தைட்டோ என்று நான்கு கம்பெனிகள் கைகோத்து, டோஹோ படத்தைப் போடும் கொட்டகைக்கு எங்கள் படம் கிடையாது என்று மிரட்டின. டோஹோ மசியாமல் நட்சத்திரங்களைத் தூக்க ஆரம்பித்தது. நிக்காட்சுவின் ஓகோச்சி அந்த ஆண்டே அங்கே போனார். அடுத்து விழுந்ததுதான் சோஜிரோ.

ஓகோச்சி போனபோது எழாத கூச்சல் சோஜிரோ போனபோது எழுந்ததற்கு தொழில், பெயர், குடும்பம் என்ற அந்த மூன்று பிணைப்புகள்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஓகோச்சி ஒரு கம்பெனியை விட்டார். இவர் குருவீட்டையே விட்டார் என்று பார்க்கப்பட்டது. மாமனாரும் பெரிய குருவுமான கஞ்சிரோ 1935இலேயே காலமாகியிருந்தார், கேட்க ஆளில்லை என்று ஓடிவிட்டான் என்ற பேச்சுக்கு அதுவும் தோதாக இருந்தது. பத்திரிகைகள் நன்றிகெட்டவன் என்று எழுதின. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று நாம் சொல்வோமே, அந்தத் தொனி. பத்தாண்டு இவர் முகத்தை வைத்து ஷோச்சிக்கு எவ்வளவு சம்பாதித்தது என்ற கணக்கு அந்தக் கூச்சலில் யாருக்கும் நினைவில்லை.

டோஹோவில் அவர் ஒப்புக்கொண்ட முதல் படம் யோஷிட்சுனே என்ற பழங்கால வீரனின் கதை. அதன் வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் பிளேடு வந்தது. படம் அத்தோடு நின்றது.

யார் அனுப்பினார்கள்

வெட்டியவன் பிடிபட்டான். காசுக்கு வந்தவன். அவனுக்கு மேலே கியோட்டோ அடியாள் உலகத்தின் கை தெரிந்தது. அன்றைய கியோட்டோவில் இது யாரையும் வியப்பில் ஆழ்த்தும் செய்தி இல்லை. வெளிப்புறப் படப்பிடிப்பில் கூட்டத்தை அடக்குவதிலிருந்து கொட்டகை வாசலில் தகராறு தீர்ப்பதுவரை சினிமாவும் தாதாக்களும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரித்தான் இருந்தார்கள்.

அதற்கும் மேலே யார் என்பதுதான் கேள்வி. சந்தேகத்தோடு அன்றும் இன்றும் சொல்லப்படும் பெயர் மசாயிச்சி நகாத்தா. அப்போது ஷின்கோவின் கியோட்டோ ஸ்டுடியோவுக்குத் தலைவர். ஷின்கோ ஷோச்சிக்குவின் கிளை மாதிரி இயங்கிய கம்பெனி. நகாத்தா நிக்காட்சுவில் கீழ்மட்ட வேலையில் தொடங்கி, 1934இல் சொந்தமாக ஒரு நிறுவனம் வைத்து, இயக்குநர் கென்ஜி மிசோகுச்சிக்கு அவருடைய மிகச் சிறந்த சில படங்களை எடுக்க இடம் கொடுத்து, இரண்டே ஆண்டில் அதை மூடிவிட்டு ஷின்கோவுக்கு வந்தவர். வாய்ச்சவடால், துணிச்சல், ஆள் பிடிக்கும் திறமை எல்லாம் உண்டு. ஆனால் வெட்டச் சொன்னது அவர்தான் என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபணம் ஆகவில்லை. எண்பது தொண்ணூறு ஆண்டு கழித்து நான் இங்கே உட்கார்ந்து தீர்ப்பு எழுதப்போவதுமில்லை. சந்தேகம் இருந்தது, அது அவரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டு ஒரு வேலையைத் தலைகீழாகச் செய்தது. நேற்றுவரை நன்றிகெட்டவன் என்று திட்டிய ஊர் ஒரே இரவில் பரிதாபப்பட ஆரம்பித்தது. முகத்தின் விலையைக் குறைக்க நினைத்தவர்கள் அந்த முகத்துக்குச் சொந்தக்காரருக்கு இரக்கத்தைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டார்கள்.

பெயரைத் திருப்பிக் கொடுத்தது

சோஜிரோ ஹயாஷி என்ற பெயர் ஷோச்சிக்குவின் முதலீட்டில் வளர்ந்தது, குருவீட்டு வழியில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு போட்டிக் கம்பெனியில் நடிக்க முடியாது. அவர் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் வைத்த கசுவோ ஹசெகவா என்ற பெயரிலேயே 1938இல் திரைக்குத் திரும்பினார். பத்தாண்டு விளம்பரம் செய்த பெயர் போயிற்று, முகத்தில் தழும்பு, கையில் புது ஒப்பந்தம். ஒரு நட்சத்திரம் மறுபடி தொடங்க இதைவிட மோசமான நிலைமை கிடையாது.

திரும்பி வந்த படம் காஜிரோ யமமோட்டோ இயக்கிய 'தோஜூரோவின் காதல்'. கான் கிகுச்சியின் கதை. இதில் அவர் ஏற்ற வேடத்தைக் கவனியுங்கள். தோஜூரோ சகாதா என்ற பழங்காலக் கபுகி நடிகன், பிறன்மனை நயக்கும் பாத்திரத்தை நடிக்க வேண்டியிருக்கிறது. அந்த உணர்ச்சி எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள, திருமணமான ஒரு பெண்ணிடம் காதலிப்பதுபோல் நடிக்கிறான். அவள் நம்பிவிடுகிறாள். அவள் முகத்தில் பார்க்க வேண்டியதைப் பார்த்ததும் எழுந்து போய்விடுகிறான். நாடகம் வெற்றி, பெண்ணுக்குச் சாவு. தோஜூரோ ஒத்திகை பார்க்கும் அந்த நாடகப் பாத்திரத்தின் பெயர் மொஹெய். சிகாமட்சு என்ற பழைய நாடகாசிரியர் எழுதிய ஓசான், மொஹெய் கதை. இந்தப் பெயரை மறக்க வேண்டாம், பதினாறு ஆண்டு கழித்து வரும்.

தழும்பை என்ன செய்தார்? அரிதாரத்தை வைத்துச் சமாளித்தார் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம், ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு தொழிலே இருக்கிறது. கபுகி வெள்ளைப் பூச்சு மேடை விளக்குக்கானது, காமிரா பக்கத்தில் வந்தால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல் தெரியும். தழும்பின் மேடு பள்ளம் நிழல் விழும்போதுதான் கண்ணில் படும். எனவே பூச்சின் கனம், விளக்கு வரும் திசை, தலை திரும்பும் கோணம் மூன்றும் சேர்ந்து ஒத்துழைக்க வேண்டும். தன் முகத்தில் எந்த விளக்கு எப்படி விழுகிறது என்பதைக் காமிராமேன் அளவுக்குத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் அவர் அடுத்த 25 ஆண்டுகள் நடித்தார். அவருடைய 1950களின் படங்களில் அந்தத் தழும்பை வேண்டுமென்றே தேடிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான காட்சிகளில் கிடைக்காது. அதற்குப் பதிலாக நீங்கள் அவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

இங்கே என் வாதம் எளிது. பிளேடு கொண்டுவந்தவர்கள் அவருடைய மூலதனம் கன்னத்தில் இருப்பதாக நினைத்தார்கள். அது கழுத்திலும் தோளிலும் கண்ணிமையிலும் இருந்தது. வெறும் அழகை வைத்துப் பிழைத்த நடிகனாக இருந்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். ஷோச்சிக்கு வட்டாரக் குருகுலம் கொடுத்த பயிற்சியே அவர் ஷோச்சிக்கு இல்லாமல் பிழைக்க உதவியது.

போர், வேலைநிறுத்தம்

1938இலேயே மிக்கியோ நருசேயின் 'சுருஹாச்சியும் சுருஜிரோவும்' வந்தது. இசுசு யமாதாவோடு ஜோடி. மேடையில் ஒன்றுகூடி, மேடைக்குப் பின்னால் சண்டை போடும் இரண்டு கலைஞர்களின் கதை. வாள் கிடையாது, சாமுராய்க் குடுமி கிடையாது. சரித்திர நாயகன் என்ற சட்டகத்துக்கு வெளியேயும் ஆளுக்குச் சரக்கு உண்டு என்பதற்கு நல்ல சான்று.

போர்க்காலப் படங்களைப் பற்றி அவ்வளவு பெருமையாகச் சொல்ல முடியாது. 1939, 40இல் ரி கோரான் என்ற நடிகையோடு மூன்று படங்கள். அவர் உண்மையில் யோஷிகோ யமகுச்சி என்ற ஜப்பானியப் பெண், சீனப் பெண்ணாகவே விளம்பரம் செய்யப்பட்டவர். மூன்றிலும் ஜப்பானிய ஆணிடம் சீனப் பெண் மனதைப் பறிகொடுப்பாள். 'சீன இரவு' படத்தில் ஹசெகவா அந்தப் பெண்ணை அறைவார், அந்த அடியில் அவள் மனம் மாறிவிடும். ஆக்கிரமிப்பைக் காதல் கதையாகச் சொன்ன படங்கள். சீனாவில் அந்தக் காட்சி ஆறாத கோபத்தைக் கிளப்பியது. போர் முடிந்ததும் துரோகி என்று ஷாங்காயில் விசாரணையை எதிர்கொண்டவர் நடிகைதான், தன் ஜப்பானியக் குடியுரிமையை நிரூபித்துத் தப்பித்தார். நாயகனுக்கு அந்தத் தொல்லை ஏதும் வரவில்லை. அவருடைய வாழ்க்கையில் எனக்கு மனம் ஒட்டாத பகுதி இது.

போருக்குப் பிறகு டோஹோவில் பெரிய வேலைநிறுத்தங்கள். 1946இல் தொழிற்சங்கத்தோடு ஒத்துப்போகாத பத்து நட்சத்திரங்கள் தனியே கூடிப் பிரிந்தார்கள். ஹசெகவா, ஓகோச்சி, யமாதா, செட்சுகோ ஹாரா, ஹிதேகோ தகாமினே எல்லாம் அதில் உண்டு. அதிலிருந்து ஷின்டோஹோ என்ற புதுக் கம்பெனி பிறந்தது. ஆக ஒன்பது ஆண்டில் இரண்டாவது முறையாகக் கம்பெனியை விட்டு வெளியேறினார். இந்த முறை யாரும் பிளேடு எடுக்கவில்லை.

நகாத்தாவின் கூரைக்குக் கீழே

இப்போதுதான் கதை விசித்திரமாகிறது. போர்க்காலத்தில் அரசு கம்பெனிகளை ஒன்றாக நெருக்கியபோது 1942இல் தாயேய் உருவானது. 1947இல் அதன் தலைவரானார் நகாத்தா. ஆமாம், அதே நகாத்தா. ஹசெகவா போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். 1963 வரை தாயேயின் கியோட்டோ ஸ்டுடியோவுக்கு அவர்தான் தூண். நிர்வாகக் குழுவிலும் இடம் கிடைத்தது.

எப்படி முடிந்தது என்று கேட்கத் தோன்றும். மன்னித்துவிட்டார் என்று உருகி எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது சினிமா வசனமாகப் படுகிறது. சரித்திரப் படம் எடுக்கக் கியோட்டோவில் நல்ல ஸ்டுடியோ, நல்ல செட், நல்ல லைட்டிங் ஆட்கள் இருந்த இடம் தாயேய். நகாத்தாவுக்குக் கொட்டகை நிரப்ப முகம் வேண்டும், ஹசெகவாவுக்குத் தன் முகத்துக்கு ஏற்ற விளக்கு வேண்டும். இரண்டு பேரும் தொழில்காரர்கள்.

அங்கே வயிற்றுப்பாட்டுக்கு ஒரு தொடர் படம் இருந்தது: 1949இல் வேறு கம்பெனியில் தொடங்கி தாயேயில் 1961 வரை ஓடிய ஹெய்ஜி படங்கள். காசைச் சுண்டி எறிந்து திருடர்களை வீழ்த்தும் சாமுராய்கள் ஆண்ட எடோ காலத்துத் துப்பறிவாளன். மக்களுக்கு அந்த ஹெய்ஜிதான் ஹசெகவா. வெளியுலகத்துக்கோ 1953இல் வந்த 'நரக வாசல்'. இயக்கியவர் பழைய கினுகசா. தாயேயின் முதல் வண்ணப் படம். அடுத்தவன் மனைவியின் மேல் வெறிகொண்ட வீரனாக ஹசெகவா, மச்சிகோ கியோ ஜோடி. 1954இல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசு, பிறகு உடை வடிவமைப்புக்கும் வெளிநாட்டுப் படத்துக்கும் ஆஸ்கர். வண்ணத்துக்காக அதைப் பார்க்கலாம். நடிப்பு என்று பார்த்தால் அது அவருடைய சிறந்த படமில்லை, முரடனாக நடிப்பது அவர் உடம்புக்கு ஒட்டவில்லை.

சிறந்தது அந்த 1954இலேயே வந்தது. மிசோகுச்சியின் 'சிகாமட்சு மோனோகதாரி'. பாத்திரத்தின் பெயர் மொஹெய். 1938இல் தோஜூரோவாக ஒத்திகை பார்த்த அதே மொஹெயை 46 வயதில் நேரடியாக நடித்தார். பஞ்சாங்கம் அச்சிடும் முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளை போன்ற தலைமை வேலைக்காரன், முதலாளியின் மனைவி ஓசான். தப்பான சந்தேகம் விழுந்து இருவரும் ஓடிப்போக நேர்கிறது. கள்ள உறவுக்குத் தண்டனை சிலுவையில் மரணம். பீவா ஏரியில் படகில் போகிறார்கள், சாவதென்று முடிவு. மூடுபனி, தண்ணீர், காமிரா கசுவோ மியகவா. மொஹெய் ஓசானின் கால்களைக் கயிற்றால் கட்டுகிறான். குனிந்த தலையோடு, சாகும் நேரத்தில் இதைச் சொன்னால் தெய்வம் தண்டிக்காது என்பதுபோல், வெகுநாளாக உங்கள் மேல் ஆசை வைத்திருந்தேன் என்கிறான். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். இனி சாக மாட்டேன் என்று அவனைப் பிடித்துக்கொள்கிறாள். படகு தள்ளாடுகிறது. இந்த இடத்தில் ஹசெகவாவின் முகத்தில் நட்சத்திர மினுக்கு எதுவும் கிடையாது. வேலைக்காரனின் கூன் முதுகு, எஜமானியைத் தொடக் கூச்சப்படும் கை, அவ்வளவுதான். மிசோகுச்சிக்கு இந்த வேடத்தில் நட்சத்திரத்தைப் போடுவதில் பெரிய ஆர்வம் இல்லை, கம்பெனிதான் கொடுத்தது என்பார்கள். படத்தைப் பார்க்கும்போது கம்பெனிக்கு ஒரு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

காகிதம்

1953 செப்டம்பரில் ஷோச்சிக்கு, டோஹோ, தாயேய், ஷின்டோஹோ, டோயேய் என்று ஐந்து கம்பெனிகள் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஒருவரின் நடிகரையோ இயக்குநரையோ மற்றவர் இழுக்கக் கூடாது, இரவலும் தரக் கூடாது. மறுபடியும் தயாரிப்பில் இறங்கவிருந்த நிக்காட்சு ஆட்களைக் கொத்திக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் உடனடிக் காரணம். ஒப்பந்தத்தை முன்னின்று நடத்தியவர் நகாத்தா.

1937இல் ஒரு கம்பெனியின் நடிகனை இன்னொரு கம்பெனி தூக்கியதும் அடியாள் தேவைப்பட்டான், போலீஸ் வந்தது, பத்திரிகை வந்தது, ஊர் இரக்கப்பட்டது. 1953க்குப் பிறகு அதெல்லாம் தேவையில்லை. கம்பெனியோடு முறைத்துக்கொண்ட நடிகரை மற்ற நான்கும் சேர்க்காது. ரத்தம் இல்லை, வழக்கு இல்லை. யாரும் யாரையும் எதற்கும் குற்றம் சொல்ல முடியாதபடி ஒரு முகம் திரையிலிருந்து காணாமல் போகும்.

இதற்கு உதாரணம் தேட வெளியே போக வேண்டாம், ஹசெகவாவின் பெரிய விழாப் படத்திலேயே இருக்கிறது. அவருடைய 300ஆவது படம் என்று தாயேய் கொண்டாடியது 1963 ஜனவரியில் வந்த 'ஒரு நடிகனின் பழி'. 1935இன் அதே யுகினோஜோ கதை. இயக்கம் கோன் இச்சிகாவா. 54 வயதில் அதே ஸ்திரீபார்ட் இளைஞன், அதே திருடன், இரண்டு வேடம். கேட்டால் சிரிப்பு வரும். பார்த்தால் வராது, ஏனென்றால் இச்சிகாவா வயதை மறைக்க முயலவே இல்லை. அகலத் திரை முழுக்கக் கறுப்பு, அதில் ஒரு வாளின் விளிம்பு மட்டும் மின்னும், ஒரு கயிறு மட்டும் நீளும். எல்லாமே பொய் என்று ஒப்புக்கொண்ட உலகத்தில் 54 வயது ஆண் இளம்பெண் சாயலில் நிற்பது மட்டும் எப்படி உறுத்தும்? படத்தின் முக்கிய வில்லனாக வருபவர் இரண்டாம் கஞ்சிரோ நகாமுரா, பெரிய குருவின் மகன், ஹசெகவாவின் முதல் மனைவியின் சகோதரர். குருவீட்டுப் பிள்ளையும் ஓடிப்போன சீடனும் ஒரே படத்தில் பழிவாங்கும் கதை நடிக்கிறார்கள். இதைத் திட்டமிட்டுச் செய்தார்களோ தற்செயலோ, பார்க்கிறவனுக்குப் புல்லரிக்கத்தான் செய்கிறது.

அதே படத்தில் பெண் திருடியாகத் துள்ளலோடு நடித்தவர் ஃபுஜிகோ யமமோட்டோ, அன்றைக்குத் தாயேயின் முன்னணி நாயகி. அதே 1963இல் மற்ற கம்பெனிப் படங்களில் நடிக்கும் உரிமை கேட்டு ஒப்பந்தத்தில் முரண்பட்டார். நகாத்தா வெளியேற்றினார், ஐந்து கம்பெனியும் கதவை மூடின. முப்பதைத் தாண்டியிருந்த அந்த நடிகை அதன் பிறகு மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் போனார், சினிமாவுக்குத் திரும்பவில்லை. கம்பெனி மாறிய சோஜிரோவுக்கு 26 ஆண்டு திரை வாழ்க்கை பாக்கி இருந்தது. கம்பெனியோடு வாதாடிய யமமோட்டோவுக்கு ஒரு நாளும் மிச்சம் இல்லை. எது கொடிய ஆயுதம் என்று எனக்கு இப்போது சந்தேகம் கிடையாது.

இந்த விஷயத்தில் நிர்வாகக் குழுவில் இடம் வகித்த ஹசெகவாவிடம் நாம் எதையாவது எதிர்பார்த்திருக்கலாமா? நானாக இருந்தால் எதிர்பார்த்திருப்பேன். ஆனால் அந்த ஆண்டு அவரும் சினிமாவை விட்டார், தன் விருப்பத்தோடு.

பிறகு

தாயேயில் அவருக்குப் பிறகு வந்தவர்கள் ரய்சோ இச்சிகாவாவும் ஷின்தாரோ கட்சுவும். 1954இல் ஒரே படத்தில் அறிமுகமானவர்கள். கட்சு ஆரம்பத்தில் ஹசெகவா பாணியில் வெள்ளை அரிதாரம் பூசி அழகனாக வர முயன்று எடுபடாமல் போனார். அரிதாரத்தைத் துடைத்துவிட்டு முரடனாகவும் குருடனாகவும் வந்த பிறகே, சதோயிச்சி என்ற குருட்டு வாள்வீரனாக நாடு கொண்டாடியது. ஹசெகவாவின் வித்தையைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ரய்சோ 1969இல் இளவயதிலேயே போய்விட்டார், 1971 கடைசியில் தாயேய் திவால்.

ஹசெகவா 1964இல் என்ஹெச்கே தொலைக்காட்சியின் ஆண்டுத் தொடரில் எஜமானை இழந்து பழிவாங்கக் கிளம்பிய 47 சாமுராய்களின், அதாவது ரோனின்களின், தலைவன் ஓயிஷியாக வந்தார். உச்சமான பகுதியில் பார்வையாளர் அளவு 53 சதவீதத்தைத் தொட்டது. சினிமா கொட்டகையிலிருந்து மக்கள் வீட்டுக்குள் போய்விட்ட காலத்தில் அவரும் பின்னாலேயே வீட்டுக்குள் போய்விட்டார் என்று சொல்லலாம். மற்றபடி 1955இல் தொடங்கியிருந்த டோஹோ கபுகி மேடைதான் அவருடைய உலகம்.

1974இல் தகராசுகா அவரை அழைத்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலக் காமிக்ஸ் கதையான 'வெர்சாயின் ரோஜா'வை மேடைக்குக் கொண்டுவர வேண்டும், ஆண் வேடமும் பெண்கள்தான் கட்டுவார்கள். பெண்வேடம் கட்டிய கிழவர் ஆண்வேடம் கட்டும் பெண்களுக்குப் பாடம் எடுத்தார். காமிக்ஸில் கண்களுக்குள் நட்சத்திரம் மின்னுமே, அதை மேடையில் எப்படிக் காட்டுவது? அரங்கில் இன்ன இடத்தைப் பார், அப்போது விளக்கு உன் கண்ணில் விழும் என்று சொல்லிக் கொடுத்தார். காதல் காட்சியில் அணைப்பு அழகாகத் தெரிவதற்காக நடிகைகளின் இடுப்பு ஒடியும் அளவுக்கு உடம்பை வளைக்கச் சொன்னார். பார்க்கிறவர்களுக்குச் சொகுசு, செய்கிறவர்களுக்கு வலி. அந்த நாடகம் தகராசுகாவின் வரலாற்றிலேயே மாபெரும் வெற்றியாகி இன்றுவரை மறுபடி மறுபடி மேடையேறுகிறது.

1984 ஏப்ரல் 6இல் காலமானார். அதே மாதம் ஜப்பான் அரசு தேசிய கௌரவ விருதை அறிவித்தது. திரை நடிகருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. மலையேறி நவோமி உவேமுராவுக்கும் அதே நாளில் கிடைத்தது.

பார்க்க நினைப்பவர்கள் 'சிகாமட்சு மோனோகதாரி'யில் தொடங்குங்கள். பிடித்தால் இச்சிகாவாவின் 1963 படத்துக்குப் போங்கள், முடிந்தால் பெரிய திரையில், அந்தக் கறுப்பு கைபேசியில் எடுபடாது. ஹெய்ஜி படங்களில் ஏதாவது ஒன்று கையில் சிக்கினால் அதையும் விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குத் தோதான சரக்கு அது.